மூன்றாவது வட்டம்

வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாக லிஃப்ட்காரர் சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்துப் பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டார். ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. இரண்டையும் சீவி, விரல் நுனியில் குத்திப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடியும் சீவினார்.

"இன்னும் கொஞ்சம் சீவுங்க, பல்லு குத்தலாம்" என்றாள் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து.

அவர் சிரிக்கவில்லை. மற்ற நாளில் சிரிக்கிறவர்தான். இந்த ஒரு நாள் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. அதனால்தான் அவள் அவருக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பேர் வைத்திருந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்களுக்கு அந்தப் பென்சில் என்ன செய்யும் என்று தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், பாவம், முழிப்பார்கள்.

அவருக்கு முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும், மோட்டார் இருக்கும் அறையில் ஓர் அட்டை தொங்கும். கயிறு, பிரேக், கதவுப் பூட்டு என்று வரிசையாக எழுதியிருக்கும். நன்றாக இருந்தால் நீலத்தில் டிக். தேய்மானம் தெரிந்தால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நீலத்தில் ஒரு வட்டம். தொடர்ந்து மூன்று வட்டம் வாங்கிய சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வரியைச் சிவப்பால் அடித்து, அதன் கீழே புதியதை எழுத வேண்டும். அடித்த கோட்டை அழிக்கக் கூடாது. இது கம்பெனி போட்ட சட்டம் இல்லை, இவர் போட்டது. ஏன் போட்டார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அதற்கும் வேளை வரும்.

கல்யாணமான முதல் வருஷமே அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். ஆளுக்கு ஒரு பக்கம். வருஷத்துக்கு மூன்று காரியம். கடைசி ஞாயிறு மாலை சரியாக நாலு மணிக்கு ரிவ்யூ. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அது விளையாட்டாகத்தான் இருந்தது. "நகம் கடிக்க மாட்டேன்" என்று எழுதி மூன்று வட்டம் வாங்கிய பெரியவள், அடித்த கோட்டுக்குக் கீழே, "நகத்தை மட்டும் கடிப்பேன், விரலைக் கடிக்க மாட்டேன்" என்று எழுதினாள். அன்றைக்கு வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

சின்னவனுக்கு எந்த வேலையும் நிலைக்காது. ஆறு மாசம் ஒரு கடை, மூன்று மாசம் ஒரு பட்டறை. "ஒரே வேலையில ஒரு வருஷம் இருக்கணும்" என்று எழுதினான். வட்டம், வட்டம், மூன்றாவது வட்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நாள், இதே மேஜையில் அவர் சிவப்பு முனையைத் திருப்பி அந்த வரியை அடித்தார்.

"அப்போ என்னை என்னப்பா செய்வீங்க?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டான் அவன்.

"மூணு வட்டம் வாங்கின சாமானை என்ன செய்வாங்க? கழட்டி வைக்க வேண்டியதுதான்."

பாதி விளையாட்டு, பாதி கோபம். பாதியும் பாதியுமாகச் சொன்னதை அவன் முழுசாக எடுத்துக்கொண்டான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் இன்றைக்கு வரை வரவில்லை.

அன்று சாயங்காலம் அவன் அம்மா தன் பக்கத்தில், மற்ற இரண்டு வரிக்கு மேலே, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'சின்னவன் இந்த மேஜைக்கு வரணும்.' முதல் வருஷம் வட்டம். போன வருஷம் வட்டம். இன்றைக்கு மாலை நாலு மணிக்குள் அவன் வராவிட்டால் மூன்றாவது வட்டம். அதற்கப்புறம் சிவப்பு.

போன வாரம் பெரியவள் அழுதுகொண்டே ஓர் உண்மையைச் சொல்லியிருந்தாள். தம்பி எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஊரின் மறுகோடியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கேட்ட நாளிலிருந்து அம்மாக்காரிக்குத் தூக்கம் போய்விட்டது.

"கடைக்குப் போயிட்டு வந்துடறேங்க. அவசரமா ரெண்டு பேன்ட் முடிக்கணும்" என்று பையைத் தோளில் மாட்டினாள்.

அவள் ஒரு சலவைக் கடையில் ஆல்ட்டரேஷன் தைக்கிறவள். தெருவில் எல்லோருக்கும் தையல்காரம்மா. வருஷக் கடைசியில் அவள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இடுப்பைப் பிரித்துப் பெரிசாக்கத்தான் வருவார்கள். பெரிசாக்கிவிட்டு, "உள்ளே துணியை வெட்டிடாதீங்கம்மா, வர்ற வருஷம் கண்டிப்பா இளைச்சிடுவேன்" என்பார்கள். ஒருத்தர்கூட திரும்பிவந்து பிடித்துத் தைக்கச் சொன்னதில்லை. இருந்தாலும் அவள் வெட்ட மாட்டாள்.

"நாலு மணிக்கு இருக்கணும்" என்றார் அவர், பென்சிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருப்பேன். எங்கே போயிடப் போறேன்?"

*

கடையில் பேன்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி அவள் அந்தக் கிடங்கு வாசலில் போய் இறங்கியபோது மணி ஒன்றரை. உயரமான தகரச் சுவர், ஜன்னல் என்று ஒன்றுகூட இல்லை. வாசலில் லாரிகள் வரிசையாக நின்று உறுமின. வாட்ச்மேனிடம் மகன் பேரைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆள் எப்படிம்மா இருப்பார்?"

"ஒல்லியா, உயரமா. எதையும் ரெண்டு தடவை எண்ணிப் பார்ப்பான்."

"அட, நம்ம இன்ஸ்பெக்டர்! அவர் அம்மாவா நீங்க? முதல்லயே சொல்லக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேரை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு.

பத்து நிமிஷம் கழித்து அவன் வந்தான். தடிமனான நீலக் கோட்டு, முழங்கை வரைக்கும் கையுறை, புருவத்தில் வெள்ளையாகப் பனித்தூள். மூன்று வருஷம். அவள் அவனைப் பார்த்த முதல் பார்வையில் தையல்காரியாகத்தான் பார்த்தாள். தோள் அகலம் ஒரு இஞ்ச் கூடியிருக்கிறது. கழுத்து இளைத்திருக்கிறது.

"அக்கா சொல்லிட்டாளா?" என்றான்.

"சாப்பிட்டியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கையுறையைக் கழற்றி அவள் பையை வாங்கிக்கொண்டான். "வா. உள்ளே உட்காரலாம். இங்கே லாரி ரிவர்ஸ் எடுக்கும்."

வேலைக்காரர்கள் உடை மாற்றும் அறை. சுவரோரம் இரும்பு லாக்கர்கள், நடுவில் ஒரு பெஞ்சு. அவளை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் எடுக்க அவன் தன் லாக்கரைத் திறந்தான். கதவின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்த காகிதம், மடிப்பில் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியது. அவள் எழுந்துபோய்ப் படித்தாள்.

முதல் வரி: 'அப்பா எனக்கு ஃபோன் பண்ணணும்.' பக்கத்தில் இரண்டு வட்டம்.

இரண்டாவது வரி: 'ஒரே வேலையில ஒரு வருஷம்.' பக்கத்தில் முதலில் ஒரு வட்டம். அப்புறம் ஒரு டிக். அழுத்திப் போட்ட டிக், காகிதமே குழிந்திருந்தது.

"இங்கே எவ்வளவு நாளாடா இருக்கே?"

"ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு."

"ஐயோ, அதைச் சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையாடா? அவர் கேட்டா எவ்வளவு…"

"அவர் கேக்கணும்ல?" அவன் பாட்டிலை அவளிடம் நீட்டினான். "நான் போய், 'அப்பா, வட்டத்தை டிக்காக்கிட்டேன், இப்போ திரும்ப மாட்டிக்கோங்க'ன்னு சொல்லணுமா? நான் என்ன சாமானாம்மா?"

அவள் பாட்டிலை வாங்கிப் பெஞ்சில் வைத்தாள்.

"என் நம்பர் மாறி ரெண்டு வருஷமாச்சு. அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அப்பா கேட்டா குடு, கேக்காம குடுக்காதேன்னு. ஒரு வார்த்தை. 'உன் தம்பி நம்பர் இருக்கா?' இவ்வளவுதான் அவர் கேக்க வேண்டியது. கேக்கல."

"உன் கையில இல்லாத காரியத்தைப் போய் ஏன்டா எழுதினே? நம்மால முடியறதைத்தான் எழுதணும்னு அவர் தலைப்பாடா அடிச்சுக்குவாரே."

"நீ என்ன எழுதியிருக்கே?"

அவள் சொன்னாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அடுத்தவர் செய்ய வேண்டியதைத் தன் பக்கத்தில் எழுதிவிட்டு வருஷா வருஷம் வட்டம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு புத்திசாலிகள்.

"வாடா. இப்பவே என்கூட வா. நாலு மணிக்குப் போய் உட்காருவோம்."

"மாட்டேம்மா. கழட்டி வெச்சவர்தான் கூப்பிடணும்."

கெஞ்சினாள். திட்டினாள். "நான் செத்தாத்தான் வருவியா?" என்றுகூடக் கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அசையவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

கடைசியில் அவனே சொன்னான். "உள்ளே ஃபோன் கொண்டுபோக முடியாது, குளிர்ல செத்துடும். நாலு மணிக்கு டீ பிரேக். பதினஞ்சு நிமிஷம் ஃபோன் என் கையில இருக்கும். மூணு வருஷமா அந்த நேரத்துலதான் நானும் ரிவ்யூ பண்றேன். நாலேகால் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் சிவப்பு."

"நம்பரைக் குடு. நான் அவரை இன்னைக்குக் கூப்பிட வைக்கிறேன்."

"அதான் கூடாது. நீ சொல்லி அவர் கூப்பிட்டா அது அவர் கூப்பிட்டது இல்ல. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. இல்லைன்னா ஃபோனை இப்பவே அணைச்சிடுவேன்."

என்ன செய்வாள்? அவன் உள்ளங்கையில் கையை வைத்தாள். ஐஸ்கட்டியாக இருந்தது. துணியில் குத்தும் கடைச் சீட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "அவர்கிட்ட சொல்ல மாட்டேன். எனக்காகவாவது எழுதிக் குடு." அவன் எழுதிக் கொடுத்தான்.

லாக்கரை மூடும்போதுதான் அடித்தட்டில் ஒரு பெரிய கான்வாஸ் பையைப் பார்த்தாள். புத்தம் புதுசு, விலைச் சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

"இது என்னடா பை?"

"சும்மாதாம்மா" என்று கதவைச் சாத்தினான்.

*

அவள் வீட்டுக்குள் நுழையும்போது நாலுக்கு மூன்று நிமிஷம். பெரியவள் வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள், ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊரில் உள்ளவர்கள் கையில் எல்லாம் ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. 'வரலையா?' என்று கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று இவள் தலையசைத்தாள்.

மேஜையில் நாலு நாற்காலி. நாலாவதை மூன்று வருஷமாக யாரும் நகர்த்தவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆனதும் லிஃப்ட்காரர் ஃபைலைத் திறந்தார்.

"முதல்ல என் பக்கத்தைப் பார்த்துடலாங்க" என்றாள் தையல்காரம்மா.

"வரிசை வரிசைதான். முதல்ல பெரியவ. அப்புறம் நான். அப்புறம் நீ."

"ஒரு தடவை மாத்தினா குடி முழுகிடுமா?"

"முப்பது வருஷமா மாத்தல."

கடைச் சீட்டை அவர் கைக்குப் பக்கத்தில், நம்பர் மேலே தெரியும்படி வைத்தாள். சத்தியத்தில் ஓட்டை தேடினாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? இது யார் நம்பர் என்று மனிதர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அவர் சீட்டை இரண்டு விரலால் ஓரமாகத் தள்ளினார். "கடைக் குப்பையை எல்லாம் மேஜையில போடாதே."

பெரியவளின் மூன்று காரியம். டிரைவிங் லைசென்ஸ், டிக். சர்க்கரை இல்லாத டீ, வட்டம். "அதுல பாதி நாள் குடிச்சேன்ப்பா." "பாதி டிக் கிடையாது." மூன்றாவதற்கு ஒரு டிக். நாலு மணி ஐந்து நிமிஷம்.

அவருடைய பக்கம். முழங்காலை டாக்டரிடம் காட்டணும், வட்டம். மாடிப்படி விளக்கை மாற்றணும், டிக். மூன்றாவதும் டிக். ஒவ்வொன்றையும் நிதானமாக, கயிற்றைத் தடவிப் பார்க்கிற மாதிரி வாசித்தார். நாலு மணி ஒன்பது நிமிஷம். ஊரின் மறுகோடியில் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் டீயும் ஒரு கையில் ஃபோனுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அது அவர் கூப்பிட்டது ஆகாது. சொல்லாவிட்டால் எதுவுமே ஆகாது.

"உன்னுது" என்றார் அவர்.

'சின்னவன் இந்த மேஜைக்கு வரணும்.'

அவர் நாலாவது நாற்காலியைப் பார்த்தார். பிறகு நீல முனையால் மூன்றாவது வட்டத்தைப் போட்டார். மற்ற வட்டங்களைப் போல அது உருண்டையாக வரவில்லை. பென்சிலைத் திருப்பினார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு. சட்டம்னா எல்லாருக்கும்தான்."

"எந்தச் சட்டம்? அந்தக் கதவுப் பூட்டுக்கு நீங்க போட்ட சட்டமா?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. வேளை வரும் என்றேன் அல்லவா, வந்துவிட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கட்டடத்தில் கதவு திறந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை. காலை எடுத்து வைத்தவருக்கு அன்றோடு ஒரு கால் போயிற்று. அட்டையில் அந்தப் பூட்டுக்கு நேரே ஐந்து வட்டம் இருந்தது. ஐந்திலும் கையெழுத்து இவருடையது. அதற்கப்புறம்தான் மூன்று வட்டச் சட்டம். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு சண்டையில்கூட அவள் இதை எடுத்ததில்லை. இன்றைக்கு எடுத்துவிட்டாள்.

"வட்டம் யாருக்குங்க போடறீங்க? பூட்டுக்கா? அது பாவம், வாயில்லாத இரும்பு. பார்த்துட்டும் சரி பண்ணாமப் போன ஆளுக்குத்தானே அது? ஒவ்வொரு வட்டமும் உங்களுக்குத்தானே? அந்தப் பிள்ளை மூணு வட்டம் வாங்கினான்னா, மூணு வருஷம் நாம என்ன பண்ணிட்டிருந்தோம்? பென்சில்தானே சீவிக்கிட்டிருந்தோம்?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பென்சிலை மேஜையில் வைத்தார். அது உருண்டு போனது. அதை எடுக்கவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம். நாலு மணி பதின்மூன்று.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. சத்தியமாவது ஒண்ணாவது.

"நாலேகாலுக்குள்ள அவனுக்கு ஃபோன் பண்ணுங்க! நீங்க பண்ணுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கான். மூணு வருஷமா அதைத்தான் எழுதி வெச்சிருக்கான். என் கண்ணால பார்த்துட்டு வர்றேன். பண்ணுங்க!"

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார், அமுக்கினார், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். நம்பரைத் தேடக்கூட இல்லை. பட்டியலில் அவன் பேர்தான் முதலில் இருந்தது.

'நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை' என்றது ஒரு பெண் குரல்.

"இந்தப் பொம்பளைகூடத்தான் பேசறேன்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் ரூம்ல உட்கார்ந்து."

தையல்காரம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பெரியவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டு, 'அவன் உங்ககிட்ட குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான்'னு அவ சொல்லிட்டா? இந்தப் பொம்பளை சொல்றதையாவது தாங்கிக்கலாம். அதை எப்படிடி தாங்குவேன்?"

"அப்பா, கேட்டா குடுன்னுதான்ப்பா சொன்னான்! கேட்டாக் குடுன்னு!" என்று பெரியவள் மேஜையைத் தட்டி அழுதாள்.

கடைச் சீட்டு. எங்கே கடைச் சீட்டு? அவர் தள்ளியதில் மேஜைக்கு அடியில் விழுந்திருந்தது. தையல்காரம்மா குனிந்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. மோட்டார் கயிற்றில் மயிரிழை அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல், ஏழாவது எண்ணைத் தப்பாக அமுக்கியது. அழித்தார். மறுபடி அமுக்கினார். "நீ அமுக்குடி" என்று பெரியவளிடம் நீட்டிவிட்டு, உடனே பிடுங்கிக்கொண்டார். "வேணாம். நானே பண்ணணும்."

மணி அடித்தது. மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் அந்த மேஜைக்கு எவ்வளவு பெரிசாகக் கேட்டது! மூன்று பேரும் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்து அடித்து நின்றது.

மறுபடி அடித்தார். நின்றது.

தையல்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி பதினெட்டு. கண்ணில் நீர் நிறைந்து முள் இரண்டாகத் தெரிந்தது. பதின்மூன்று நிமிஷம் கட்டிக் காத்த சத்தியத்தை இரண்டு மூன்று நிமிஷம் முன்னாலேயே உடைத்திருந்தால்! இனி அந்த ஃபோன் இரும்பு லாக்கருக்குள் அடித்து என்ன, அடிக்காமல் என்ன?

அப்போது பெரியவளின் ஃபோனில் டிங் என்று ஒரு சத்தம். தம்பியின் மெசேஜ் தாமதமாக வந்து இறங்கியிருந்தது. அனுப்பிய நேரம் நாலு பதினாறு.

'அக்கா, ரிவ்யூ முடிஞ்சது. அம்மாவைத் திட்ட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு.' கீழே ஒரு படம். லாக்கர் கதவும் காகிதமும்.

முதல் வரிக்கு நேரே மூன்றாவது வட்டம். வரிக்கு நடுவே சிவப்புக் கோடு. நேரான கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. அவருடைய கோடு மாதிரியே.

லிஃப்ட்காரர் ஃபோனை வாங்கினார். இப்போது கண்ணாடி சரியான இடத்தில் இருந்தது. சிவப்பு வரியை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலால் படத்தைப் பெரிசாக்கினார்.

"இது என்ன, டிக் போட்டிருக்கான்? 'ஒரே வேலையில ஒரு வருஷம்'… இது எப்போ?"

"ரெண்டு வருஷமா அங்கேதாங்க இருக்கான்" என்றாள் அவள். "ஒரு நாள் தவறாம."

"ரெண்டு வருஷமா." அவர் தலையை ஆட்டினார். "குளிர்ல."

அவர் விரல் கீழே நகர்ந்தது. அடித்த கோட்டுக்குக் கீழே புதியதை எழுத வேண்டும் என்பது சட்டம். சின்னவன் சட்டப்படி எழுதியிருந்தான். மை இன்னும் சரியாகக் காயாத எழுத்து.

'செவ்வாய்க்கிழமை கப்பல் ஏறணும். ஐஸ் ரூம் வேலை. மூணு வருஷம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது.'

அவளுக்குக் கான்வாஸ் பை ஞாபகம் வந்தது. பிரிக்காத விலைச் சீட்டு ஞாபகம் வந்தது. சும்மாதாம்மா.

"எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும்ப்பா" என்றாள் பெரியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெளிய வரும்போது ஃபோனைப் பார்ப்பான். நீங்க கூப்பிட்டது இருக்கும்ல? நாம போய் வாசல்ல நிப்போம்ப்பா. கிளம்புங்க. எழுந்திருங்கப்பா."

அவர் எழுந்திருக்கவில்லை. "அடிச்ச கோட்டை அழிக்கிற பழக்கம் நம்ம வீட்ல இல்லையேம்மா" என்றார். "நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

படத்தை மறுபடியும் பெரிசாக்கி, அந்த அழுத்தமான டிக்கைத் தடவினார். அப்புறம் கீழே இருந்த புது வரியைத் தடவினார்.

"இதை முடிச்சிடுவான்டி" என்றார் மனைவியிடம்.

பெற்ற பிள்ளை ஒரு காரியத்தை எடுத்தால் முடிப்பான் என்று அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நம்பிக்கை வந்திருந்தது.